மைக் ஸ்டாண்டில் ஒட்டிய பட்டைகள்

கிளாட்னோ உருக்காலையில் மூன்று ஷிஃப்ட்.
மூன்றும் ஓய்ந்த பிறகு கொதிகலன் அறைக்குப் பின்னால்
நான்கு பேர் கூடினார்கள்.
பெயருக்கு அலைய வேண்டியிருக்கவில்லை:
நான்காவது ஷிஃப்ட்.

ஸ்பீக்கர் தூக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. தூக்கினேன்.
ஐம்பத்திரண்டு வருடமாகத் தூக்குகிறேன்.
இப்போது சக்கரம் வைத்துவிட்டார்கள்.

ஸ்டாண்டில் முதல் பட்டை, கறுப்பு இன்சுலேஷன் டேப்:
லுமீரின் வாய் நிற்கும் உயரம்.
ஆறடி மூன்றங்குலம் அவன்.
ஒவ்வொரு ஊரிலும் அளந்துகொண்டிருக்க முடியாது என்று
நான்தான் ஒட்டினேன்.

எழுபத்தைந்தில் கமிட்டி முன் பரீட்சை.
மூன்று கோட்டு, ஒரு கூஜா தண்ணீர்.
வார்சா ஒப்பந்தத்தில் எத்தனை நாடுகள்
என்று டிரம்மரைக் கேட்டார்கள்.
எவ்ஷென் தொடையில் தட்டி எண்ணினான்,
நாலுக்கு நாலு தாளத்தில்.
எட்டு என்றான். தாளம் சரி.
ஆல்பேனியா விலகிப்போனது அவனுக்கு எப்படித் தெரியும்?
ஒரு வருடம் வாசிக்கத் தடை.
பிறகு பெயரும் போனது. பத்து வருடம் நாங்கள்
கிளாட்னோ நடனக் குழு.
யாரும் ஆடவில்லை.

யூகோஸ்லாவியக் கடலுக்கு விடுமுறை போன லுமீர்
கடலைப் பார்க்கவேயில்லை.
வியன்னாவில் பஸ் கழுவுகிறானாம்,
யாரோ சொன்னார்கள், தாழ்ந்த குரலில்.
அன்றிரவே நீலப் பட்டை ஒட்டினேன்:
க்விதோ. இரண்டங்குலம் கீழே,
சுருட்டிய முடியைச் சேர்க்காமல்.

சிவப்பு, அல்ஷ்பெதா.
எட்டு மாத வயிறோடு பாடினாள்.
உயரம் மாறவில்லை,
ஸ்டாண்டுதான் ஓரடி தள்ளி நின்றது.

எண்பத்தொன்பது நவம்பரில்
சதுக்கத்தில் சாவிக்கொத்தைக் குலுக்கினோம்.
பெயர் திரும்பி வந்தது.
அடுத்த மார்ச்சில், அதே பெயரில், பதினோரு டிக்கெட்.
விரும்பியதைக் கேட்கலாம் என்றானதும்
விரும்பியதைக் கேட்கப் போய்விட்டார்கள்.

ப்ரோகொப் ஒருநாள் ஒத்திகைக்கு வரவில்லை. மறுநாளும்.
இருபது வருடம் கழித்து டிராம் நிறுத்தத்தில் பார்த்தேன்.
"வந்துகொண்டே இருக்கிறேன்" என்றான்.
ராதிம் நான்கு முறை விலகி மூன்று முறை திரும்பினான்.
கணக்கு சரிதான், இப்போது டைல்ஸ் கடை.
எவ்ஷென் இறந்ததும் மருமகன் டிரம்ஸில் உட்கார்ந்தான்.
மகள் அவனை விவாகரத்து செய்தாள்.
பேண்ட் செய்யவில்லை.

நடுவில் இரண்டு பேர்,
மஞ்சளும் வெள்ளையும்.
பெயர் ஞாபகமில்லை. உயரம் இருக்கிறது.

போஸ்டரில் '1972 முதல்' என்று போட்டிருக்கிறது.
எழுபத்திரண்டிலிருந்து மேடையில் இருப்பது
இந்த இரும்புக் கம்பி மட்டும்தான்.
என்னைச் சேர்க்காதீர்கள், நான் மேடைக்குக் கீழே.

போன சனிக்கிழமை, ரகோவ்னிக்.
கடைசி வரிசையில் ஒரு கிழவர்,
புறங்கையில் நுழைவு முத்திரை.
இருநூற்றுத் தொண்ணூறு க்ரோன் கொடுத்திருக்கிறார்.
வாசலில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.
சொன்னாலும், வாசலில் நின்ற பையனுக்கு
அந்தப் பெயரால் என்ன ஆகும்?

எல்லாம் முடிந்து வயர் சுருட்டும்போது மேலே ஏறினார்.
"ஸ்டாண்டைத் தொடாதீங்க சார்"
என்றாள் வெந்துலா, பச்சைப் பட்டைக்காரி.
அவர் கறுப்பைத் தேடினார்.
நிமிர்ந்தார். இன்னும் நிமிர்ந்தார்.
வாய் நீலத்தில் நின்றது.

"அந்தக் குள்ளன் க்விதோவா?" என்றார்,
என்னைப் பார்க்காமலே.
ஆமாம் என்றேன்.
எப்படி என்னைத் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

மைக்கில், மெதுவாக:
ராஸ்... த்வா...

பத்தாவது சேனலை ஒரு விரல் அளவு ஏற்றினேன்.
பீர் டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்,
பிறகு டம்ளர் பொறுக்கினாள்.

பதினொன்றுக்குள் மண்டபத்தைக் காலி செய்யவில்லை என்று
ஐநூறு க்ரோன் அபராதம்.
கேட்டால், மருமகன் டிரம்ஸ் கழற்றத் தாமதம் என்று
சொல்லியிருக்கிறேன்.