தாழ் போடாத மூன்று வெடி

வலங்கைமானில் மான் கிடையாது.
ஊர்ப் பெயரில் ஒன்று நிற்கிறது,
சிவன் கையில் ஒன்று.
இரண்டையும் சுட முடியாது.

ஆனாலும் ஆவூர் சிங்காரவடிவேலுவிடம்
மான் சுடும் ரைஃபிள் ஒன்று இருந்தது.
வால்நட் கட்டை, நீலம் ஓடிய குழல்,
கதவுத் தாழ்ப்பாள் மாதிரி ஒரு கைப்பிடி:
தூக்கி, இழுத்து, தள்ளி, அமுக்கினால்
ஒரு தோட்டா உள்ளே போய்ப் படுக்கும்.
எங்கே சுடுவது?
இங்கே மேடு என்றால் வரப்பு.
தவறிய தோட்டாவை நிறுத்த ஒரு குன்று இல்லை,
நீடாமங்கலம் வரைக்கும் போகும் என்பார்.
அதனால் சினிமாவுக்குக் கொடுத்தார்.

முதல் படத்தில் ஜமீன் சுவரில் தொங்கியது,
புலித்தலைக்குக் கீழே.
புலி தெர்மோகோல்.
இரண்டாவதில் வன அதிகாரி தோளில்;
இடைவேளைக்கு முன்பே அவர் செத்துப்போனார்.
மூன்றாவதில்தான் சுட்டார்கள்,
குடமுருட்டிக் கரையில், நடவு நாளில்.

சுட்டது நான்.
வாழைக் கொல்லைக்குள் குந்தியிருந்து
பாட்டரியில் ஒயரைத் தொட்டேன்.
திருவிழா வெடிக்குச் சுற்றுகிற அதே சணல்,
புகை மட்டும் கொஞ்சம் கூட.
தோட்டாக்கள் சிங்காரவடிவேலு சட்டைப்பையில்,
லைசென்ஸ் புத்தகத்தோடு.
துப்பாக்கி போகிற பக்கமெல்லாம்
நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.
உதவி இயக்குநர் ஆர்லின் கையசைத்தாள்.
நடிகர் விசையை மூன்று முறை இழுத்தார்,
மூன்று முறையும் நான் வெடித்தேன்.
எதிர்க்கரைக் கொக்குகள் மொத்தமாய் எழும்பின,
அவற்றிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.
"கொக்குக்கும் பேட்டா உண்டா?" என்றாள்
நாற்றுக்கட்டோடு நின்ற ஒருத்தி.

கும்பகோணத்தில், இரண்டாம் ஆட்டம்.
என் சத்தத்தை எடுத்துவிட்டுச்
சென்னையில் வேறு சத்தம் போட்டிருந்தார்கள்,
மலையில் மோதித் திரும்புகிற சத்தம்.
எந்த மலை?

கைதட்டலில் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.
இருட்டில் சிங்காரவடிவேலுவின் வலது கை
தொடைமேல் தூக்கியது, இழுத்தது,
தள்ளியது, அமுக்கியது.
திரையில் நடிகர் போட மறந்த தாழை
ஒவ்வொரு வெடிக்குப் பின்னும்
இவர் போட்டுக்கொண்டிருந்தார்.
மூன்றாவதுக்குப் பிறகு
இழுத்தார், தள்ளவில்லை.
அறை காலிதானா என்று
சுண்டுவிரலால் காற்றைத் தடவிப் பார்த்தார்.

அந்த வருஷம் தேர்தல் வந்தது.
துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கப் போனார்,
சாட்சிக் கையெழுத்துக்கு நான்.
ரைட்டர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே
"கடைசியா எப்ப சுட்டது?" என்றார்.

அவர் என்னைப் பார்த்தார்.