கால் கடுதாசி

வேலையை விடுகிறவன் எழுதித் தருவதற்கு
இந்தப் பேரை வைத்தவன்
ஓடுகிறவள் ஒருத்தியை நினைத்துத்தான் வைத்திருப்பான்.

அனுப்புநர்: வே. ஒச்சம்மாள், நானூறு மீட்டர், மதுரை.
பெறுநர்: செயலாளர் அவர்கள்.
பொருள்: போட்டியிலிருந்து விலகுதல் தொடர்பாக.
ஐயா,
இந்தக் கால்புள்ளியில் நிற்கிறது
மூன்று நாளாய்.

போன வருடம் வெண்கலம்
மயிரிழையில் போனது.
படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிக் காட்டினார்கள்.
லூர்து ஷைனியின் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவே
ஒரு வெள்ளைக் கோடு.

இந்த வருடம் கே.கே. நகர் ஸ்கேன் சென்டரில்
டாக்டர் பேனா முனை தொட்ட இடத்தில்
அதே கோடு.
மயிரிழை விரிசல் என்றார்.
முழங்காலிலிருந்து ஒரு சாண் கீழே.
வெளியே தப்பியது
விலாசம் விசாரித்து உள்ளே குடிவந்திருக்கிறது.

'ஓடினா என்ன சார் ஆகும்?'
'ஓடலாமே. முன்னூறு மீட்டர் வரைக்கும் உங்க கால்.
அதுக்கப்புறம் அது என்னோட கால்.'

கோச் பாக்கியநாதன்
ஸ்டாப்வாட்ச் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.
'ஒரு ஊசி போட்டுக்கிட்டு ஹீட்ஸ் மட்டும்...'
என்று தொடங்கி
டீ ஆறிப்போச்சு என்று முடித்தார்.

கருமாத்தூரிலிருந்து அம்மா கேட்டது ஒன்றுதான்:
'ரயில்வேல சம்பளம் பிடிப்பாங்களாடி?'

பதினோராம் வயதில்
ஸ்கூல் டீமில் சேர்ந்தே தீருவேனென்று
ஒற்றைக் காலில் நின்றவள் நான்.
சொல்லுக்குச் சொல் பலித்திருக்கிறது.

கோரிப்பாளையம் சிக்னலில்
நடக்கிறவர்களுக்கு இருபத்து நான்கு நொடி.
அதற்குள் இருநூறு மீட்டர் என் கணக்கு.
ஊன்றுகோலை எடுத்து வைக்க, காலை எடுத்து வைக்க,
நடுத்திட்டு வருவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது.
ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர்
வண்டியை அணைத்தேவிட்டார்.
'மெதுவா வாம்மா. ஒண்ணும் அவசரமில்ல.'
இருபத்தாறு வயதுக்கு
இதை என்னிடம் சொன்ன முதல் ஆள்.
அங்கேயே கொஞ்சம் அழுதேன்,
பின்னால் 21-ஆம் நம்பர் பஸ் ஹாரன் அடிக்கும்வரை.

காரணத்துக்குப் படிவத்தில் ஒன்றரை வரி இடம்.
காயம் என்று எழுதினேன்.
முக்கால்வாசி காலியாகக் கிடந்தது.
நிரப்ப ஆசைதான்.
ரேஸ்கோர்ஸ் ட்ராக்கில் ஐந்து மணிக்கு
நாய்களும் நானும் மட்டும் இருப்போம் என்பதை,
அழகர்கோவில் ஏற்றத்தில் வாந்தியெடுத்த கிலோமீட்டர் கல்லை,
வலிக்கவில்லை என்று சித்திரையிலிருந்தே
நான் சொல்லிவந்த பொய்யை.
காயம். முற்றுப்புள்ளி. அனுப்பியாயிற்று.

ராத்திரி ஷைனி குரல் அனுப்பியிருந்தாள்.
'லூசு. மூணு வருஷமா முதல் முன்னூறும்
உன் முதுகப் பாத்துத்தான் ஓடுறேன்.
இப்ப எதப் பாத்து ஓடச் சொல்ற?'
திட்டுகிறாளா, மூக்கை உறிஞ்சுகிறாளா,
நாலு தடவை கேட்டும் பிடிபடவில்லை.

சனிக்கிழமை. மதுரை ஜங்ஷன். மூன்றாம் கவுண்ட்டர்.
மறுநாள் முகூர்த்தம்; வரிசை வாசல்வரை.
ஐந்து நாற்பது.
புவனேஸ்வரில் துப்பாக்கி உயர்ந்திருக்கும்.

'திண்டுக்கல் ரெண்டு.'
முதல் வளைவு. நிமிராதே, நிமிராதே.
'விருதுநகர் ஒண்ணு, பையனுக்கு அரை.'
எதிர்ப்பக்க நேர்கோடு, காற்று முகத்தில்.
'மானாமதுரைக்கு எப்பம்மா வண்டி?'
முன்னூறு.
மேசைக்கு அடியில்
கட்டுக்குள் இருந்த கால்
என்னைக் கேளாமல் இறுகியது.

'மீதி அஞ்சு ரூபா தாங்க மேடம்.'

கொடுத்தேன்.
ஐம்பத்திரண்டு, ஐம்பத்து மூன்று.
இழுப்பறைக்குள் போன் ஒருமுறை உறுமி அடங்கியது.
திறக்கவில்லை.
வரிசையில் இன்னும் பதினொரு பேர்.