முப்பத்தொன்பதாயிரத்துக்கு ஒரு காது

படத்துக்கென்று இருந்த காசில்
கமரா வாடகை, சோறு, வான் எண்ணெய் போக
சத்தத்துக்குக் கோபிதன் ஒதுக்கியது
பதினெட்டாயிரம்.
ட்ரோனுக்கு நாற்பத்திரண்டு.

"முதல் படத்தைப் பிடிப்பம்,
சத்தத்தைப் பிறகு ஒட்டலாம்."
எதை ஒட்டுவது?
முத்தையன்கட்டுக் குளக்கட்டில்
சோளகம் எழும்பினால்
வசனத்தின் வாலைத் தின்றுவிடும்.
"வரமாட்டன்" என்று அவள் சொல்ல
"வரமா" என்று மிஞ்சும்.
கதையே மாறிப்போகும், மடையா.

கிளிநொச்சியில்
கலியாண வீடியோக் கடை றெஜினோல்ட்
மூன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

சட்டையில் குத்துவது ஒன்று.
நெஞ்சுக்குக் கிட்ட, மூச்சையும் பிடிக்கும்.
ஆனால் சேலை உரசும்,
நிதர்சனா வியர்த்தால் கரகரக்கும்,
அவள் வியர்க்காத மாதம் இங்கே இல்லை.

கையடக்க றெக்கோடர் ஒன்று.
எல்லாப் பக்கமும் கேட்கும்.
எல்லாம் என்றால்
உழவு மெசின், மயில், யானை வெடி,
அரைக் கட்டை தள்ளிப் போகும்
பாண் ஓட்டோவின் பாட்டு.
ஒன்றையும் விடாமல் சொல்லும் சாட்சி.
அப்படிச் சாட்சியை வைத்துப்
படம் எடுக்கேலாது.

மூன்றாவது நீளக் கறுப்பு.
நீட்டிய திசையை மட்டும் கேட்கும்.
"கன் மைக்" என்றார்.
"வழியில மறிச்சால்
தமிழில பேர் சொல்லிப்போடாதை, பிள்ளை."
சிரித்தோம்.
அவர் எனக்குக் கொஞ்சம் முதலே நிறுத்திவிட்டார்.

றெக்கோடரோடு நாளுக்கு ஒன்பதாயிரம்.
நாலு நாள்.
விரல் விட்டு எண்ணி
கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒத்திகை அன்று ட்ரோன் எழும்பியது.
முதலில் சருகு, பிறகு புழுதி,
பிறகு அந்த ரீங்காரம்.
வயலில் பசளை எறிந்துகொண்டிருந்த மூன்று பேர்
நிமிரவில்லை.
நிமிராமலே நடந்து
மருதமரத்துக்குக் கீழே போய் நின்றார்கள்.
மாமியாராக நடிக்க வந்த சிசிலியா அக்கா
வசனத் தாளை நாலாய் மடித்தா.
"வண்டு" என்றா.
வேறொன்றும் சொல்லவில்லை.

கோபிதனுக்கு அப்போது ஆறு வயது.
ஒன்றும் ஞாபகமில்லை என்பான்.
றிமோட் வவுனியாப் பெடியன்ர கையில் இருந்தது.
"இறக்கு" என்று கத்தினது
கோபிதன்.

பாதிக் காசு திரும்பி வந்தது, இருபத்தொன்று.
யாரும் கணக்குக் கேட்கவில்லை,
நானே கூட்டினேன்.
மைக்குக்கு முப்பத்தாறு.
புதுக்குடியிருப்பில் ஒரு பொம்மைக் கரடி
ஆயிரத்து நானூறு,
உரித்து மைக்குக்குத் தைத்தேன், காற்றுச் சட்டை.
சுவருக்குப் பெயின்ற் உருட்டும் தடி
ஆயிரத்து நூற்றைம்பது.
மிச்சம் நானூற்றைம்பதுக்கு
மாலுபாண் வாங்கினோம்,
பாண்காரன் பத்து நிமிடம் பாட்டை நிற்பாட்டுவதாக ஒப்பந்தம்.
ஏழாம் நிமிடம் மறந்துபோனான்.

ஆனாலும் அதற்குள்
அலைகரையில் நின்று அவள் சொன்னது
காதுக்குள் முழுதாக வந்து விழுந்தது:
"வரமாட்டன்."
கடைசி ன் வரைக்கும்.
கைகள் நடுங்கின, தடி கனம்.

எல்லாம் முடிய ஒரு நிமிடம்
எவரும் அசையவேண்டாம் என்றேன்.
வெட்டி ஒட்டும்போது
வசனங்களுக்கு இடையில் போட
இடத்தின் வெறும் சத்தம் வேண்டும்.
தண்ணீர்ப் பக்கம் பிடித்தேன்.
ஆட்காட்டி ஒன்று, தூரத்தில்.
யாருடையதோ வயிறு.
பிறகு ஏனென்று தெரியாமல்
கரடித் தோலை மேலே திருப்பினேன்.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாததை
அறுபது விநாடியும் கேட்டுக்கொண்டு நின்றேன்.
மரத்துக்குக் கீழே இருந்தவர்கள்
பசளை வாளியைத் தூக்கிக்கொண்டு
திரும்ப வயலுக்குள் இறங்கினார்கள்,
அதுவும் பதிந்தது.

சத்தக் கொப்பியில் எழுதினேன்:
வானம். ஒரு நிமிடம். சரி.
பற்றரி ஒரு கோடு.