ஆள் கணக்கு

இரண்டாயிரத்து ஐம்பது வரைக்கும்
சுங்கை கெலாடியின் கழிவுநீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று
நகராண்மைக் கழகத்தின் இரண்டாம் மாடியில்
நானும் என்சிக் ஹம்சாவும்
சொட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஏர்கோனும்
முடிவு செய்துகொண்டிருக்கிறோம்.
அப்போது எனக்கு அறுபத்தெட்டு.

பழைய திட்டத்தில் ஊரைச் சுற்றி
சீப்புப் பல் மாதிரி ரப்பர் நிரை.
அதை அழித்து மூன்று தாமான் வரைந்தாயிற்று.
மிச்சத்தில் செம்பனை.
செம்பனைக்குக் கழிப்பறை வேண்டாம்,
அதனால் வரைபடத்தில் அது வெறும் பச்சை.

மனிதர்களை அளக்க எங்களிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு.
வீடு என்றால் ஐந்து ஆள்.
மீன்கடை என்றால் மூன்று.
பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஓர் ஆள்.
தமிழ்ப்பள்ளியில் நூற்றுப் பதினேழு:
இருபத்து மூன்று புள்ளி நான்கு என்று எழுதிவிட்டு
அந்தப் புள்ளி நான்கு யார் என்று பார்த்தேன்.
கடைசி மேசையில் இரண்டு பேர்,
ஒருவன் தூங்கிக்கொண்டிருக்கலாம்.
தீமிதிக்கு வரும் ஆறாயிரம் பேரைச் சேர்க்கவில்லை.
ஒரு நாள் கூட்டத்துக்குக் குழாய் போட முடியாது.

நான்காம் லயத்தைப் பற்றித்
தோட்ட ஆபீஸ் கடிதம் அனுப்பியிருந்தது:
காலி. ஆள் இல்லை. இடிக்கப்படும்.
கீழே முத்திரை, நேராக, அழகாக.

ஆனால் குணாளனுடைய லோரிச் சீட்டுகள் என் மேசையில்.
மலத்தொட்டி உறிஞ்சுகிறவர்.
நான்காம் லயம், மார்ச். நான்காம் லயம், மே.
நான்காம் லயம், ஜூலை, அவசரம்.
"காலியான வீடு எப்படிண்ணே ரொம்பும்?"
"என்னைக் கேக்காதம்மா. தொட்டியைக் கேளு."

போனேன்.
கதவுகள் சாத்தியிருந்தன.
கம்பியில் கட்டம் போட்ட லுங்கிகள்,
ஈரம் இன்னும் சொட்டியபடி.
பல் துலக்கிக்கொண்டிருந்த ஒருவன்
என் பளபளக்கும் சட்டையைப் பார்த்தான்,
நுரையைத் துப்பாமலே செம்பனைக்குள் நடந்தான்.
ஓடவில்லை. ஓடினால் சந்தேகம் வரும் என்று
எங்கேயோ கற்றிருக்கிறான்.

வாசல்களில் ரப்பர் பூட்ஸ் எண்ணினேன்.
நாற்பத்தோரு ஜோடி.
இரவு ஷிப்ட் ஆலையில் இருக்கிறது.
தொட்டி நிறையும் வேகத்தை வைத்துத்
திருப்பிக் கணக்குப் போட்டால்
எண்பத்தாறு.

எண்பத்தாறு என்று எழுதினால்
அந்தத் தாள் ஒன்பது இலாகா சுற்றும்.
ஒன்றின் வாசலில் குடிநுழைவுத் துறை என்று பலகை.
எழுதாவிட்டால்
குழாயின் கோடு ஆலை முச்சந்தியோடு நின்றுவிடும்.
அறுநூற்று நாற்பது மீட்டர் தள்ளி
எண்பத்தாறு பேர்,
அவர்களுக்குப் பிறகு வரும் எண்பத்தாறு பேர்,
பக்கத்து வாய்க்கால்,
வாய்க்கால் போய்ச் சேரும் ஆறு,
ஆற்றில் தண்ணீர் எடுக்கும் நம் தாமான்.

இரண்டு நாள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டேன்.
மூன்றாம் நாள்
'தற்போதைய மக்கள்' என்ற பத்தியில் பூஜ்யம் போட்டேன்.
தோட்ட ஆபீஸ் சொன்னது சொன்னபடி.
அடுத்த பத்தி, 'எதிர்கால வளர்ச்சி'.
அங்கே: எண்பத்தாறு.

நேற்று இரவு அங்கே மீன் பொரித்துச் சாப்பிட்டவர்களை
இருபத்தைந்து வருஷம் முன்னால் தள்ளி வைத்துவிட்டேன்.
இன்னும் பிறக்காதவர்களை
யாரும் லோரி ஏற்ற முடியாது.

என்சிக் ஹம்சா கண்ணாடியை நெற்றியில் ஏற்றினார்.
"நளாயினி, இந்தப் பச்சையில் என்ன வளரப்போகிறது?"
"ஊர் வளரும், என்சிக்."
அவர் குணாளனின் சீட்டுகளைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
ஏர்கோன் வாளியில் ஒரு சொட்டு விழும்வரை.
பிறகு பழுப்புப் பென்சிலைக் கேட்டு வாங்கி
முச்சந்தியிலிருந்து கோட்டை அவரே நீட்டினார்.
ஸ்கேல் வைக்கவில்லை. கொஞ்சம் கோணல்.

குழாய் போட எப்படியும் பதினொரு வருஷம் ஆகும்.
சாயங்காலம் குணாளன் போன் செய்தார்:
நான்காம் லயம் மறுபடியும் ரொம்பிவிட்டதாம்.
வியாழக்கிழமை போகலாமா என்று கேட்டார்.
சட்டை போடாமல் வருகிறேன் என்றேன், அந்தப் பளபளப்பானதை.
அவர் சிரிக்கிற சத்தம்
லோரி எஞ்சினுக்குள் அமுங்கிப் போனது.