எலும்புக்கு என்ன செய்வது

பதினாறு வருஷம் பேரணாம்பட்டுத் தோல் ஷெட்டில்
உப்பு உதறி, சுண்ணாம்பில் ஊறப்போட்டு,
ரோமம் சீவி, சதை வழித்து,
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்
டிபன் டப்பாவைத் திறந்தேன்.
கறி வாசனை வரவில்லை.
வேலை வாசனை வந்தது.
மூடிவிட்டேன்.
இதில் ஞானம் ஒன்றும் கிடையாது.

"இன்னா தேவசகாயம், சைவம் ஆயிட்டியா?"
கூட நிற்கிற குல்சார் கேட்டான்.
முதுகு விறைத்துக்கொண்டது எனக்கு.
வேலூரில் வாடகைக்கு வீடு தேடிய தெருக்களில்
கதவைப் பாதி திறந்து கேட்ட சொல் அது.
"கறி தின்றதில்ல. அவ்ளோதான். சைவம் இல்ல."
ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று
அவன் கேட்கவில்லை.
அந்தத் தெருக்களில் அவனும் நடந்திருக்கிறான்.

ரெபேக்காளுக்கு வேறு கவலை:
"அப்போ ஞாயித்துக்கிழமைக்கு இன்னா பண்றது?"

மீல்மேக்கரில் ஆரம்பித்தோம்.
எத்தனை மசாலாவில் புரட்டினாலும்
குளித்துவிட்டு வந்த பஞ்சு.
காளான் முதல் கடிக்கு நல்ல பிள்ளை,
ரெண்டாம் கடிக்குத் தண்ணீர்.
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயோ
எதற்கும் பதிலாக வராது,
எண்ணெயில் வதங்கிக்கொண்டு
'நான் நான்தான்' என்று உட்கார்ந்திருக்கும்.

நடுவில் பால் வேறு.
சின்னவள் கெசியாவுக்குப் பால் குடித்தால் வயிறு உப்பும்.
கடலைக்கு எங்கள் பக்கம் பஞ்சமா?
ராத்திரி ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து,
வேட்டித் துணியில் பிழிந்தேன்.
(தோல் நீக்குவது என் தொழில். கடலை கத்தாது.)
முதல் டீ திரிந்தது. இரண்டாவதும்.
மூன்றாவதில் டிகாஷனை இறக்கி
ஆறவிட்டு ஊற்றினேன்: நின்றது.
மிச்சத்தில் மிளகாய்க் காம்பு பத்து கிள்ளிப் போட்டு
மூடிவைத்தால் விடியும்போது தயிர்.
கொஞ்சம் கடலை வாசனை அடிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.
"இதைப் போய்ப் பால்னு சொல்றியே" என்றார்
மாடு வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர்.
"பாலாத்துல இன்னா ஓடுதுன்னு
நீ சொல்லு, அப்பால நான் சொல்றேன்."
அவர் மணல் இருந்த திசையைப் பார்த்துவிட்டு
டம்ளரை நீட்டினார்.

ஏலகிரியிலிருந்து பலாப்பிஞ்சு வந்தது.
கையில் எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்தேன்,
அப்படியும் கத்தியெல்லாம் பிசின்.
பட்டை, கிராம்பு, ஊறவைத்து அரைத்த மிளகாய்,
கடலைத் தயிர், சீரகச் சம்பா.
தம் உடைத்தபோது நார் நாராய்ப் பிரிந்ததைப் பார்த்து
ரெபேக்காள் 'ம்' என்றாள்.
கல்யாணமாகி இத்தனை வருஷத்தில்
அவளுடைய 'ம்'களை எனக்கு எண்ணத் தெரியும்.

குடியாத்தத்திலிருந்து வந்திருந்தான் அவள் தம்பி எபிநேசர்.
தட்டில் ரெண்டு முறை வாங்கினான்.
மூன்றாம் முறை கையை நிறுத்தி
"எல்லாம் நல்லாத்தான் கீது மாமா.
எலும்பு எங்க?"

சிரித்தோம். ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை.
நாரைச் செய்யலாம், நெய்யை மாற்றலாம்,
கறுத்த நிறத்தைக்கூட
வெங்காயம் கருக்கிக் கொண்டுவரலாம்.
உறிஞ்சுவதற்கு என்ன செய்வது?
சாப்பிட்டு முடித்தும் முடிக்காமல்
பேசிக்கொண்டே ஒன்றைச் சப்பிக்கொண்டிருக்கிற
அந்த அரைமணி நேரத்தை
எந்தக் கடையில் வாங்குவது?

மறுவாரம் நான் சர்ச்சில் இருந்து வருவதற்குள்
அவளே சமைத்துவிட்டாள்.
கிளறினேன். பலாவுக்கு நடுவே
விரல் நீளத்தில், பச்சை மாறி, மசாலா ஏறிய
முருங்கைக்காய்.

ஒருத்தரும் பேசவில்லை.
கெசியா கடித்து இழுத்தாள்,
உள்ளிருந்த சாறு முழங்கை வரை வழிந்தது.
எபிநேசர் ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் உறிஞ்சி
தட்டு ஓரத்தில் குவித்துக்கொண்டே
ஷெட்டில் கூலி ஏறாததைப் பற்றி,
சீட்டுப் பணம் பற்றி,
எதிலிருந்தோ எதற்கோ போய்க்கொண்டிருந்தான்.
நாலு மணி ஆகிவிட்டது.

சக்கையைத் தெருவோரம் கொட்டினாள் ரெபேக்காள்.
வழக்கமாக வரும் செவலை ஓடி வந்தது,
முகர்ந்தது,
அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது.
"எனக்கும் பழக நாளாச்சி" என்றாள் அதனிடம்.