மைனஸ் பத்தொன்பது

மூன்றாம் முறையாகக் கணினியைத் தூக்கி வந்திருக்கிறார் ஐமோ.
அங்கே செத்துக் கிடக்கிறதாம்.
என் மேசையில் பொத்தானைத் தொட்டதும்
ஒரு பீப், விசிறிச் சத்தம், நீலத் திரை.
பதினோரு முறை அழுத்தினேன்.
பதினோரு முறையும் நல்ல பிள்ளை.

நினைவகத்தைப் பிடுங்கிச் செருகியாயிற்று,
மின்வழங்கியை மாற்றியாயிற்று.
ஐமோ என் முகத்தைப் பார்க்கவில்லை,
பொய் சொல்லிப் பிடிபட்டவர் மாதிரி.

“எங்கே வைத்திருக்கிறீர்கள்?”
“படகுக் கொட்டகையில். அடுப்பு கிடையாது.”

அன்றிரவு பால்கனிப் பனியில் வைத்துவிட்டுப் படுத்தேன்.
கெமியார்வியில் விடிய வெகுநேரம்;
இருட்டிலேயே அழுத்தினேன்.

ஒன்றுமில்லை.
மறுபடி.
ஒன்றுமில்லை.

கையுறையைப் பல்லால் கழற்றி ஃபோன் செய்தேன்:
“ஐமோ, கிளம்பவே இல்லை!”

நீண்ட மூச்சு.
“சொன்னேனே,” என்றார். “நான் சொன்னேனே.”

குளிரில் சுருங்கி விலகும் மயிரிழை விரிசல்
பற்றவைப்பில் எங்கோ இருக்கிறது.
இனித் தேடலாம்.