முதுகுகள்

மொஹாவி பாலைவனத்தில்
ஓய்வுபெற்ற விமானங்கள் வண்ணம் உரிந்து நிற்கும் மைதானத்துக்கு எதிரே
மூன்றாம் எண் கொட்டகை.
அங்கே பதினோரு வருடம்
முதுகுகளை அச்செடுத்தேன்.

நிலவைச் சுற்றிவர எட்டு இருக்கை.
ஏழு விற்றன. ஒன்று குலுக்கல்.
இறங்குவது கிடையாது.
ஆறு நாள், ஒரே சுற்று,
அதன் மறுபக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு வீடு.
கிளம்பும்போது அழுத்தும் பாரத்திலும்
கடலில் விழும்போது வாங்கும் அறையிலும்
தண்டுவடம் நொறுங்காதிருக்க
ஆளுக்கொரு படுக்கை, அவரவர் அளவுக்கு.

தொட்டியில் மல்லாந்து சாய்வார்கள்.
வெதுவெதுப்பாகக் கரைசலை ஊற்றுவேன்.
'கால் மணி நேரம் அசையக் கூடாது.
இருமல் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.'
ஊரையே விலை பேசக்கூடியவர்கள்
மூக்கைச் சொறிவதற்கு
என்னிடம் அனுமதி கேட்டார்கள்.

ஸ்டவாங்கரின் கப்பல் முதலாளி ஓட்வார் ஹெல்லெலாண்டுக்கு
இடது தோள் ஒரு விரற்கடை தாழ்வு.
ஒசாகாக்காரர் தூங்கிப்போனார்;
அவர் குறட்டை அச்சின் விளிம்பில்
சின்னச் சின்ன அலையாக உறைந்துவிட்டது.
குலுக்கலில் வென்றவள் மார்லிஸ் கொவாண்டா,
ஒமாஹாவில் பல் மருத்துவர்.
முப்பது வருடம் பிறர் வாய்க்குள் குனிந்து குனிந்து
பிடரியில் ஒரு திமில் வளர்த்திருந்தாள்.

நிலவின் முதுகைப் பார்க்கப் போகிறவர்கள்
தம் முதுகைப் பார்த்தவர்கள் இல்லை.
நான் பார்த்தேன்.
பரு, தழும்பு, எப்போதோ சூடுபட்ட வடு,
ஒருவருக்கு யாரோ நகத்தால் கீறிய புதுக்கோடு.
யாரிடமும் சொன்னதில்லை.

'வரும் கோடையில்' என்றது கம்பெனி.
பிறகு, அதற்கு அடுத்த கோடையில்.
ஓட்வார் இளைத்துப்போய் மறு அச்சுக்கு வந்தார்,
இன்னும் இளைத்து இன்னொரு தடவை.
நான்காவதற்கு நாள் குறிக்கக் கூப்பிட்டபோது
அவர் மகன் ஃபோனை எடுத்தான்:
அப்பாவுக்கு வேறு பெட்டிக்கு அளவெடுத்தாயிற்று.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு
நாலு வரிக் கடிதம்.
முன்வைத்த காலைப் பின்வைத்ததற்கு
'சந்தைச் சூழல்' என்று பெயர்.
கட்டிய பணம் திரும்ப வரும், வட்டி கிடையாது.
குலுக்கலில் வென்றவளுக்கு
கம்பெனி முத்திரை போட்ட ஒரு போர்வை.

மேலாளர் வெண்டெல் கொட்டகை வாசலில் நின்றே பேசினான்.
உடலளவு அந்தரங்கத் தகவலாம்;
அப்படியே குப்பையில் போட்டால் வழக்கு வருமாம்.
உடைத்துப் போடு.
ரம்பம் எடுத்தேன். தோள், இடுப்பு, தொடை.
குறட்டையை அறுக்கும் முறை வந்தபோது
நிறுத்திவிட்டுக் காபி குடித்தேன்.
பிறகு அறுத்தேன்.

ஏழு முடிந்தது.
எட்டாவதுக்கு ஆள் வந்துவிட்டாள்,
இரண்டு நாள் விடாமல் வண்டி ஓட்டி.
'என் முதுகுதானே டெல்ஃபினா, எனக்கே கொடு.'
ரசீது இல்லை, கையெழுத்து இல்லை.
வண்டியின் பின்தட்டில் ஏற்றியதும்
செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு
அவளே ஏறிப் படுத்துக்கொண்டாள்.

பொருந்துகிறதா என்றேன்.
'சதை போட்டிருக்கிறேன்.
திமிலுக்கு மட்டும் இடம் அப்படியே இருக்கிறது.'

விமான வால்களுக்கு நடுவே நிலவு கிளம்பியது,
துருவின் நிறத்தில்,
என்றைக்கும் காட்டுகிற அதே முகத்தோடு.
கால் மணி நேரம் அவள் அசையவில்லை.
மூக்கை ஒருமுறை சொறிந்துகொண்டாள்,
என்னைக் கேட்காமல்.

ஐம்பத்தெட்டாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போனாள்.
காற்றில் பறந்துவிடாமல்
அச்சை இழுத்துக் கட்டிய இரண்டு பட்டைகளும் என்னுடையவை.
தபாலில் அனுப்புகிறேன் என்றாள்.
இன்னும் வரவில்லை.